புகாரே வராத வீடு

எமில் கோவாச் செய்த குற்றம் இதுதான்: பல வருஷங்களாக மாடியை வாடகைக்கு விட்டிருந்தார், அந்த வீட்டிலிருந்து ஒரு புகார்கூட வரவில்லை.

கார்வர்ட்டன் நகரத்து வாடகை வீட்டு நல்லுறவு வாரியம் இதை லேசில் விடுமா? ஊரில் மற்ற வீடுகளெல்லாம் ஒழுங்காகப் புகார் கொடுத்துக்கொண்டிருந்தன. எலி ஓடுகிறது, ஜன்னல் மூடவில்லை, கீழ்வீட்டுக்காரன் ஞாயிற்றுக்கிழமை டிரம் அடிக்கிறான். வாரியத்துச் சுவரில் தொங்கிய வரைபடத்தில் அந்த வீடுகளுக்கெல்லாம் தலா ஒரு சிவப்பு ஊசி. எமில் வீட்டின் இடம் மட்டும் மொட்டையாக இருந்தது. அது அதிகாரிகளின் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. தொண்ணூற்று நான்காம் வருஷம் இலையுதிர் காலத்தில் ஒரு கடிதம் வந்தது.

“தங்கள் இல்லத்தில் புகார் எழாததிலிருந்து, அங்கே புகார் எழுவதற்கான வசதி செய்து தரப்படவில்லை என்று வாரியம் கருதுகிறது. தாங்கள் சிறு வீட்டு உரிமையாளர் பயிற்சியில் சேர்ந்து தேற வேண்டும். தவறினால் மாடியை வாடகைக்கு விடும் உரிமம் ரத்தாகும். குடியிருப்பவர் வெளியேற்றப்படுவார்.”

கடைசி வரியை எமில் இரண்டு தடவை படித்தார். குடியிருப்பவர் என்றால் வெர்னா.

எமில் நகரப் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமானபிறகு வீடு ரொம்பப் பெரிதாகிவிட்டதென்று மாடியைத் தனிக் குடித்தனமாகப் பிரித்தார். அதில் தனியாளாகக் குடிவந்தவள் வெர்னா டல்லி. மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரி மலைகளில் பிறந்தவள், இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் ஒரு தலைமுறைக்கே சோறு போட்டவள். நல்ல உயரம். சிரித்தால் கீழே எமில் வீட்டுக் கண்ணாடித் தம்ளர்கள் அதிரும்.

வீட்டைப் பராமரிப்பதில் எமிலுக்கென்று பெரிய சித்தாந்தம் ஒன்றும் கிடையாது. உறைபனி வருமுன் வெளிக்குழாயை அடைப்பார். கூரை விளிம்புத் தகரத்தில் இலை சேர்ந்தால் ஏணி போட்டு வாருவார். வெர்னா காலையில் இறங்குமுன் பின்பக்கப் படிக்கட்டில் உப்புத் தூவிவிடுவார், பனி உறைந்து வழுக்கக் கூடாதே என்று. மற்றதெல்லாம் மாடி ஜன்னலிலிருந்து அறிவிப்பாக வரும்.

“யோவ் வீட்டுக்காரரே! உங்க குழாய் அழுவுது, வந்து சமாதானம் பண்ணுங்க!”

“குழாய் அழுவுதா, இல்ல அம்மணிக்குப் பேச்சுத்துணை வேணுமா?”

“ரெண்டும்தான். சோள ரொட்டி ஆறிப்போவுது, சீக்கிரம் வாங்க.”

எமில் ஸ்பானரை எடுத்துக்கொண்டு ஏறுவார். வாஷர் மாற்றுவதற்கு ஐந்து நிமிஷம் ஆகும், ரொட்டியும் பீன்ஸும் தின்று முடிப்பதற்குப் பொழுது சாய்ந்துவிடும். அவருக்கு வெர்னாவைப் பிடித்திருந்தது. சும்மா பிடித்திருந்தது என்று சொன்னால் போதாது. மாடிப்படியில் அவள் காலடிச் சத்தம் கேட்டால் அறுபத்தேழு வயதில் மனுஷன் சட்டைக் காலரைச் சரிசெய்வார். ஒரே வீட்டில் எதற்கு இரண்டு அடுப்பு என்று அவளிடம் கேட்டுவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் வாய்வரை வரும். வந்ததும் ரொட்டியைப் பற்றி ஏதாவது சொல்லிவிட்டு இறங்கிவிடுவார்.

அப்படிப்பட்டவளை வெளியேற்றுவார்கள் என்று கடிதம் சொன்னால்? எமில் மறுநாளே பயிற்சியில் சேர்ந்தார்.

பயிற்சி நடத்தியவர் வாரியத்தின் இயக்குநர் திரு. வெண்டல் பிக்ஸ்பி. புதிதாகச் சீவிய பென்சில்போல இருப்பார். சிறு வீட்டுச் சொந்தக்காரர்கள் இருபது பேர் மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்திருக்க, அவர் மேடையில் உலாவியபடி பேசினார்.

“நண்பர்களே, பேச்சுன்னா என்ன? பதிவாகாத சத்தம். அதனால குடியிருக்கிறவங்ககிட்ட பேசாதீங்க, தெரிவியுங்க. எழுதுங்க, கதவுல ஒட்டுங்க, போட்டோ எடுங்க, திரும்பி வந்துடுங்க. நான் இந்த வாரியத்துல பத்தொன்பது வருஷமா இருக்கேன். இதுவரைக்கும் ஒரு குடியிருப்பாளரைக்கூட நேர்ல பாத்ததில்ல. அதனாலதான் எல்லார்கிட்டயும் எனக்குச் சமமான அன்பு இருக்கு.”

எல்லோரும் கைதட்டினார்கள். எமில் பக்கத்து நாற்காலிக்காரர் தட்டுவதைப் பார்த்துத் தானும் தட்டினார்.

செய்முறைப் பயிற்சிக்கு ஒரு கதவும், கதவுக்குப் பின்னால் அட்டையில் வெட்டிய ஒரு குடியிருப்பாளரும் இருந்தார்கள். அட்டை மனுஷிக்குச் சமையல் அங்கி வரைந்திருந்தது. எமில் முறை வந்தபோது கதவைத் திறந்ததும் பழக்கதோஷத்தில், “சாப்டாச்சா?” என்று அட்டையைக் கேட்டுவிட்டார்.

பிக்ஸ்பி குறிப்பேட்டில் எதையோ எழுதினார். “மிஸ்டர் கோவாச், அவங்க சாப்பிட்டாங்களா இல்லையாங்கறது உங்களுக்குத் தெரியாம இருக்கறதுதான் அவங்க உரிமை.”

எமில் அட்டையிடம் மன்னிப்புக் கேட்டார். அதற்கும் ஒரு மதிப்பெண் குறைந்தது.

முதல் வீட்டுப்பாடம் ஒரு நோட்டீஸ். ஹீட்டரின் ஃபில்டரை மாற்றுவதற்காக மாடிக்குள் நுழையப் போவதை ஒரு நாள் முன்பே எழுதி ஒட்ட வேண்டும். எமில் வாரியத்தின் அச்சுத் தாளில் பூர்த்தி செய்து, டேப் போட்டு ஒட்டி, வாரியம் கொடுத்த கேமராவில் படம் பிடித்துக்கொண்டு கீழே வந்தார். சற்று நேரத்தில் வெர்னா படியிறங்கி வந்தாள். கையில் அந்தத் தாள். முகம் வெளிறிப்போயிருந்தது.

“நான் என்ன தப்புப் பண்ணேன் எமில்?”

“ஐயையோ, தப்பா? ஃபில்டர் மாத்தணும் அம்மணி. வாரியத்துல இப்படித்தான் எழுதி ஒட்டணும்னு சொல்றாங்க. படிக்கலியா?”

“எங்க படிக்கறது? கதவுல காகிதத்தைப் பாத்ததுமே கண்ணு இருட்டிட்டு வந்துச்சு.” அவள் அவருடைய சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள். “நாங்க இருந்தது சுரங்கக் கம்பெனி வீடு. அப்பாவுக்கு முதுகு ஒடிஞ்சு வேலைக்குப் போக முடியாமப் போச்சு. ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வரேன், கதவுல காகிதம். மறுநாள் எங்க கட்டில், பெட்டியெல்லாம் தெருவுல, மழையில கிடக்கு. கம்பெனி ஆளுங்க நின்னு பாத்துட்டே இருக்கானுங்க. எங்கம்மா உள்ள முட்டி போட்டுத் தரையைத் தேச்சிட்டிருக்காங்க.”

“எதுக்கு?”

“அழுக்குப் பிடிச்ச கூட்டம் இருந்துட்டுப் போச்சுன்னு ஒருத்தன் சொல்லிடக் கூடாதுல்ல. ஒரு வார்த்தை கெஞ்சல. தேச்சு முடிச்சிட்டுத்தான் வெளிய வந்தாங்க.”

எமில் அவள் கையிலிருந்த தாளை வாங்கி, மூலையில் பேனாவால் ஒரு சூரியனை வரைந்தார். வட்டம், சுற்றிலும் கோடுகள், உள்ளே ஒரு சிரிப்பு.

“இனிமே சூரியன் போட்ட காகிதம்னா சும்மா காகிதம். குழாய், ஃபில்டர், அந்த மாதிரி. பயப்படவே கூடாது. சரியா?”

வெர்னா சூரியனைப் பார்த்தாள். “இதுக்கு மூக்கு எங்க? உங்க மூஞ்சி மாதிரியே இருக்கு,” என்றாள். பிறகு சிரித்தாள், தம்ளர்கள் அதிர்ந்தன.

பிக்ஸ்பி போட்டோக்களைச் சரிபார்த்த அன்று அவ்வளவு சிரிப்பு இல்லை.

“இது என்ன மிஸ்டர் கோவாச்?”

“சூரியன் சார். அந்தம்மாவுக்குக் கதவுல காகிதம் ஒட்டினா பயம். இதைப் பாத்தா பயப்பட மாட்டாங்க.”

“பயம் போயிட்டா அப்புறம் அது நோட்டீஸே இல்லியே! நோட்டீஸ்ங்கறது பாத்த உடனே வயித்துல ஒண்ணு பிசையணும். அந்தப் பிசையறதைக் கொண்டுவர நாங்க எட்டு மாசம் கமிட்டி போட்டு எழுத்துரு தேர்ந்தெடுத்திருக்கோம். நீங்க அதுல பல்லைக் காட்ற சூரியன் போட்டா எப்படி?”

மதிப்பெண் குறைந்தது. எமில் சூரியனை விடவில்லை. பனிக்காலத்துக்கு இன்னொரு வெளிக்கதவு மாட்டுவதற்கு ஒரு சூரியன், புகை அலாரத்துக்கு பேட்டரி போடுவதற்கு ஒரு சூரியன். வெர்னா அவற்றையெல்லாம் பிய்த்துக் குளிர்பெட்டி மேல் வரிசையாக ஒட்டிவைத்தாள்.

வினை வேறு வகுப்பில் வந்தது. அன்றைய தலைப்பு, உறவு எல்லைகள். குடியிருப்பவரிடம் வீட்டுக்காரர் ரொட்டி வாங்கித் தின்பது லஞ்சமா, வாடகையா, அல்லது இரண்டுமா என்பதை பிக்ஸ்பி வெகுநேரம் விளக்கினார். முடிவில், “எந்த உறவா இருந்தாலும் வாரியத்துல அதுக்கு ஒரு வழிமுறை இருக்கு. தயங்காம கேளுங்க,” என்றார்.

எமில் கை தூக்கினார். ஏன் தூக்கினார் என்று பிற்பாடு எவ்வளவோ தடவை தன்னையே கேட்டுக்கொண்டார். சட்டப்படி தப்பாகி உரிமம் போய்விடக் கூடாதே என்ற பயம்தான்.

“குடியிருக்கிறவங்களையே கல்யாணம் பண்ணிக்கணும்னா சார்?”

பிக்ஸ்பியின் கண்கள் கலங்கிவிட்டன. “வழிமுறை பதினேழு! அதை எழுதினவன் நான். இதுவரைக்கும் ஒரு ஆள்கூட அதைப் பயன்படுத்தினதில்ல.” கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “ரொம்ப எளிமை. ஒருத்தர் ஒரே நேரத்துல வீட்டுக்காரராவும் மாப்பிள்ளையாவும் இருக்க முடியாது. அதனால முதல்ல குடித்தனத்தை முடிச்சு நோட்டீஸ். அடுத்தது முப்பது நாள் மௌனம். அந்த முப்பது நாள்ல விஷயத்தைப் பத்தி அவங்ககிட்ட மூச்சு விடக் கூடாது, விட்டா அது ஆசைகாட்டறது. முப்பத்தோராம் நாள் நீங்க சுதந்திர மனுஷன். போய்க் கேளுங்க!”

“வெளிய போன்னு நோட்டீஸ் குடுத்துட்டுக் கல்யாணம் கேக்கறதா? அவ என்ன நினைப்பா?”

“முப்பது நாள் வருத்தப்படுவாங்க. முப்பத்தோராம் நாள் சந்தோஷம் இரட்டிப்பாகும். கமிட்டியில இதை நாங்க கணக்குப் போட்டுப் பாத்திருக்கோம்.”

“வேணாம் சார், விடுங்க. நான் சும்மா கேட்டேன்.”

“எண்ணத்தைச் சபையில சொல்லிட்டீங்க, பதிவாயிடுச்சு. இப்ப நீங்க வழிமுறை பதினேழுல இருக்கீங்க.”

எமில் பஸ் பிடித்து வீட்டுக்கு ஓடினார். வாரியத்தின் வண்டி அவருக்கு முன்பே வந்துவிட்டுப் போயிருந்தது. மாடிக் கதவில் காகிதம். முப்பது நாளில் காலி செய்ய வேண்டும். கீழே எமில் கதவிடுக்கில் அவருக்கென்று தனியாக ஒரு சீட்டு: மௌன காலத்தில் உரிமையாளர் இதுபற்றிப் பேசினால் உரிமம் உடனே ரத்து, குடியிருப்பவர் அன்றே வெளியேற்றப்படுவார். எமில் மறுபடி மாடியேறி, பேனாவை எடுத்து நோட்டீஸின் மூலையில் வட்டம் போடப் பார்த்தார். பேனா வழுக்கியது. காகிதத்தின் மேல் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தார்கள். அவருடைய மதிப்பெண் தாளைப் பார்த்துத்தான் அந்த முன்னெச்சரிக்கை.

உள்ளே அடுப்பில் ஏதோ வேகும் வாசனை வந்தது. கதவைத் தட்டக் கையைத் தூக்கினார். பேசினால் இன்றைக்கே அவளைத் தெருவில் நிறுத்துவார்கள். பேசாவிட்டால் முப்பது நாள்தானே, அதற்குப் பிறகு ஆயுசு முழுக்கப் பேசலாம். இப்படிக் கணக்குப் போட்டுக் கையை இறக்கினார். தட்டித் தொலைத்திருக்கலாம். வாரியமாவது மண்ணாங்கட்டியாவது என்று ஒரு உதை விட்டிருக்கலாம். பேருந்து எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுகிற மனுஷன், ஒரு காகிதத்தைப் பார்த்துப் பயந்து படியிறங்கிப் போனார்.

மறுநாள் படிக்கட்டில் இருவரும் எதிரெதிரே வந்தார்கள். வெர்னா நின்றாள்.

“என்கிட்ட ஏதாவது சொல்லணுமா?”

எமில் வாயைத் திறந்தார். மூடினார். “குளிர் ஜாஸ்தியா இருக்கு,” என்றார்.

“ஆமா.”

“முப்பது நாள் கழிச்சு...”

“தெரியும் மிஸ்டர் கோவாச். படிச்சேன்.”

இத்தனை வருஷத்தில் அவள் அவரை மிஸ்டர் என்று கூப்பிட்டதே இல்லை. எமில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். அவள் விலகி, சுவரோரமாக இறங்கிப் போனாள்.

அதன் பிறகு ஜன்னலிலிருந்து குரல் வரவில்லை. குழாய் அழுகிறதா என்றுகூடத் தெரியவில்லை. எமில் சாப்பாட்டை மறந்து கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் மேலே சத்தம் கேட்டது. பெட்டி இழுக்கும் சத்தமோ என்று திக்கென்றது. இல்லை, தேய்க்கும் சத்தம். பிரஷ் போட்டு அழுத்தித் தேய்க்கிறாள். மறுநாளும் தேய்த்தாள். எமிலுக்கு உயிர் வந்தது. போகிறவள் எதற்குத் தரையைத் தேய்க்கப் போகிறாள்? நவம்பர் கடைசியில் நன்றி நாள் பண்டிகை விருந்து வருகிறது, அதற்குத்தான் சுத்தம் செய்கிறாள், மனசு ஆறிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். கடைக்குப் போய்க் கோஸ் வாங்கி வந்தார், அவளுக்குப் பிடித்த மாதிரி உள்ளே இறைச்சி வைத்துச் சுருட்டிச் சமைப்பதற்கு.

பயிற்சியின் கடைசி நாள் சான்றிதழ் விழா. பிக்ஸ்பி நிறைவுரை ஆற்றினார்.

“இந்த ஊர்ல இனிமே ஒரு வீட்டுக்காரரும் ஒரு குடியிருப்பாளரும் சண்டை போட மாட்டாங்க. ஏன்னா ஒருத்தரை ஒருத்தர் பாக்கவே மாட்டாங்க! இதுதான் நல்லுறவு. நல்ல குடியிருப்பாளர் எப்படிப் போவார் தெரியுமா? சத்தமில்லாம போவார். சண்டையில்ல, கெஞ்சல் இல்ல. தரையைத் தேச்சு வெச்சிட்டுப் போவார்.”

எமில் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். முதுகு ஒடிந்த அப்பா, மழையில் கட்டில், உள்ளே முட்டி போட்டுத் தரை தேய்க்கும் ஒரு அம்மா. அவள் சொன்னாளே! தன் சமையலறையில், தன் நாற்காலியில் உட்கார்ந்து சொன்னாளே!

“மிஸ்டர் கோவாச், அடுத்தது உங்க பேருதான்,” என்றார் பிக்ஸ்பி.

எமில் கோட்டைக்கூட எடுக்காமல் வெளியே ஓடினார். பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. பனியில் வழுக்கி ஒருமுறை விழுந்து, எழுந்து, வீடு வந்து, இரண்டிரண்டு படியாக ஏறினார். “அம்மணி! வெர்னா! நான் உன்னைக் கல்யாணம் கேக்கத்தான்டி இவ்வளவும்!” என்று கத்திக்கொண்டே ஏறினார். கதவு திறந்திருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. தரை ஈரம் காயாமல் மின்னியது, சவுக்கார வாசனை அடித்தது. குளிர்பெட்டியின் மேல் டேப் ஒட்டிய பிசுக்குக்கூட இல்லாமல் சுரண்டித் துடைத்திருந்தாள்.

வெர்னாவின் அண்ணன் மகள் டார்லீன் லாரி கொண்டுவந்து ஏற்றிக்கொண்டு போனதாக எதிர்வீட்டில் சொன்னார்கள். டார்லீன் தெற்கே எங்கோ இருக்கிறாள் என்பதைத் தவிர எமிலுக்கு ஒன்றும் தெரியாது.

இரண்டு நாள் கழித்துக் காலி வீட்டுப் பரிசோதனைக்கு பிக்ஸ்பியே வந்தார். அறை அறையாகப் போய் வெள்ளைக் கையுறை விரலால் தடவிப் பார்த்தார். அடுப்புக்குள் தலையை நுழைத்துப் பார்த்துவிட்டு வெளியே எடுத்தபோது முகத்தில் பக்தி இருந்தது.

“இப்படியொரு குடியிருப்பாளரை நான் பாத்ததே இல்ல.”

“நீங்க யாரையுமே பாத்ததில்லியே சார்,” என்றார் எமில். “அவ எங்க போயிருக்கா? சொல்லுங்க.”

“புது விலாசம் எங்ககிட்ட பத்திரமா இருக்கு. உங்ககிட்ட சொல்லக் கூடாது. உங்ககிட்டேருந்து அவங்களைக் காப்பாத்தறதுக்குத்தானே நாங்க இருக்கோம்?”

“ஒரு கடுதாசி குடுத்தா சேத்துடுவீங்களா?”

“மூணு விஷயத்துக்கு மட்டும். முன்பணம், தபால், விட்டுப்போன சாமான்.”

“மன்னிப்புக் கேக்கணும்னா?”

“அதுக்கு இன்னும் நாங்க விண்ணப்பப் பாரம் அச்சடிக்கல.”

எமில் கையை நீட்டினார். “விட்டுப்போன சாமான் பாரம் குடுங்க.”

“இங்க ஒரு துரும்புகூட இல்லியே?”

“கீழ இருக்கு.”

அன்று அவர் பாரத்தில் எழுதியது இது: “வீட்டுக்காரர் ஒருவர். வயது அறுபத்தேழு. வெர்னா, அந்த நோட்டீஸ் உன்னை அனுப்புவதற்கு இல்லை, கல்யாணம் கேட்பதற்கு. நான் முட்டாள். தயவுசெய்து வந்து எடுத்துக்கொள்ளவும்.” பிக்ஸ்பி அதை வாங்கி, படிக்காமல், உறையில் போட்டுக்கொண்டு போனார். படிப்பது தனிமனித உரிமையில் தலையிடுவதாகும்.

எமில் காத்திருந்தார். நன்றி நாளன்று இரண்டு பேருக்குச் சமைத்தார். தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே வாசலுக்கு வந்துவிடுவார். அவள் படித்தால் சிரிப்பாள், முதலில் திட்டுவாள், அப்புறம் சிரிப்பாள் என்று நினைத்துக்கொண்டு, மாடி ஹீட்டரை அணைக்காமல் எரியவிட்டிருந்தார்.

டிசம்பரில் பதில் வந்தது. வாரியத்தின் குமாஸ்தா விதிப்படி எமிலின் வாசகத்தை அங்கீகரிக்கப்பட்ட பொருள் வகைகளுக்குள் மாற்றித் தட்டச்சு செய்துதான் வெர்னாவுக்கு அனுப்பியிருக்கிறார். பொருள்: இதரம். நிலை: பழையது. எண்ணிக்கை: ஒன்று.

அதற்குக் கீழே இரண்டு கட்டங்கள். ‘வந்து எடுத்துக்கொள்கிறேன்’ என்ற கட்டம் காலியாக இருந்தது. ‘தேவையில்லை’ என்ற கட்டத்தில் டிக். பக்கத்தில் வெர்னாவின் கையெழுத்து, ஒரு வரி.

“நான் எதையும் விட்டுட்டு வரல. அது என்னவா இருந்தாலும் தூக்கிப் போட்டுடுங்க.”

அடியில் வாரியத்தின் முத்திரை இருந்தது. மேற்படி பொருளை உரிமையாளர் பத்து நாளுக்குள் அப்புறப்படுத்தி, போட்டோவுடன் அறிக்கை தர வேண்டும்.

எமில் அதைப் படித்துவிட்டு மாடிக்கு ஏறிப் போனார். அவளுடைய சமையலறையில், வெறும் தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதார். கீழே கேட்பதற்கு யாரும் இல்லை.